கேரகீனன்: ஒரே பெயரில் பல பொருட்கள்

கடையில் வாங்கிய சாக்லேட் பாலைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி ஒரு மணி நேரம் அப்படியே விட்டுப் பாருங்கள். கோகோ அடியில் தங்காது. அதையே வீட்டில் பாலில் கோகோ தூளைக் கலக்கி வைத்தால், சற்று நேரத்தில் அடியில் பழுப்பாக ஒரு படிவு சேர்ந்துவிடும். பாலும் ஒன்றுதான், கோகோவும் ஒன்றுதான். வித்தியாசத்துக்குக் காரணம் பெரும்பாலும் டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் ஒரு சொல்: கேரகீனன். சில நேரம் அந்தச் சொல்கூட இருக்காது, 407 என்ற எண் மட்டும் இருக்கும். ஒரு லிட்டர் பாலில் அது கால் கிராம் இருந்தாலே போதும்.

சிவப்புக் கடற்பாசிகளிலிருந்து எடுக்கப்படும் கெட்டிப்படுத்தி இது. இதைப் பற்றித் தேடிப் படிக்கப் போனால் இரண்டு குரல்கள் கேட்கும். ஒன்று, கடலிலிருந்து வரும் இயற்கைப் பொருள், தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டு வருகிறார்கள், பயமே வேண்டாம் என்று சொல்லும். இன்னொன்று, குடலைப் புண்ணாக்கும் நஞ்சு, தொடவே கூடாது என்று சொல்லும். இரண்டு தரப்புமே ஒரே பொருளைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று நினைத்துக்கொள்கின்றன. எனக்கென்னவோ குழப்பமே அங்கேதான் தொடங்குகிறது என்று தோன்றுகிறது. கேரகீனன் என்பது ஒரு பொருளின் பெயர் அல்ல, ஒரு குடும்பத்தின் பெயர். அந்தக் குடும்பத்தில் ஒருவர் செய்வதை இன்னொருவர் செய்யமாட்டார்.

முதலில் பெயர். தமிழில் கடல்பாசி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது அகர் அகர். அதுவும் சிவப்புப் பாசியிலிருந்துதான் வருகிறது, ஆனால் அது வேறு. கேரகீனன் என்ற பெயர் அயர்லாந்திலிருந்து வந்தது. ஐரிஷ் மொழியில் ‘கேரகீன்’ என்றால் சின்னப் பாறை என்று பொருள். அலை அடிக்கும் பாறைகளில் ஒட்டி வளரும், விசிறி போல விரியும் ஒரு பாசிக்கு அந்த ஊர்க்காரர்கள் வைத்த பெயர் அது. வெளியுலகம் அதை ஐரிஷ் பாசி என்று அழைத்தது. அதைப் பறித்து, வெயிலில் உலர்த்தி, பாலில் போட்டுக் காய்ச்சி, சளிக்கும் இருமலுக்கும் குடித்தார்கள். ஆறியதும் பால் கட்டியாக உறைந்துவிடும் என்பதால் இனிப்பாகவும் ஆக்கிக்கொண்டார்கள். 19-ம் நூற்றாண்டின் நடுவில் அயர்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர்கள் மாசசூசெட்ஸ் கரையில் அதே பாசியைக் கண்டு, படகிலிருந்து நீண்ட வாரிகளால் வாரியெடுத்து அங்கேயும் ஒரு தொழிலை உண்டாக்கினார்கள். அதிலிருந்து பிரித்தெடுத்த பொருளுக்கு முதலில் ‘கேரகீனின்’ என்று பெயர். சர்க்கரைச் சங்கிலிகளின் பெயர்கள் ‘அன்’ என்று முடிய வேண்டும் என்ற வேதியியல் மரபுப்படி அது பிறகு கேரகீனன் ஆனது.

இரண்டாம் உலகப் போர் இதற்கு ஒரு திருப்பம். அதுவரை மேற்கு நாடுகள் அகருக்குப் பெரும்பாலும் ஜப்பானையே நம்பியிருந்தன. போரில் அந்த வரத்து நின்றது. கையருகே என்ன பாசி இருக்கிறது என்று தேடியபோது ஐரிஷ் பாசிக்கு மவுசு வந்தது.

மூன்று எழுத்துகள்

1950-களில் கனடாவில் இரண்டு ஆய்வாளர்கள் இந்தப் பாசிச் சாறோடு பொட்டாசியம் குளோரைடைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஒரு பகுதி உறைந்து தனியே பிரிந்தது, மறு பகுதி கரைந்தபடியே இருந்தது. உறைந்ததற்கு காப்பா, உறையாததற்கு லாம்டா என்று கிரேக்க எழுத்துகளை வைத்தார்கள். பிறகு அயோட்டாவும் சேர்ந்துகொண்டது. வேறு சிலவும் உண்டு, ஆனால் வணிகத்தில் இந்த மூன்றும்தான் முக்கியம்.

மூன்றுமே காலக்டோஸ் என்ற சர்க்கரையை மணிகளாகக் கோத்த நீண்ட சங்கிலிகள்தான். சங்கிலியில் தொங்கும் சல்ஃபேட் துண்டுகளின் எண்ணிக்கையில்தான் வேறுபாடு. இரண்டு மணிகளைச் சேர்த்து ஓர் அலகு என்று வைத்துக்கொண்டால், காப்பாவில் அலகுக்கு ஒன்று, அயோட்டாவில் இரண்டு, லாம்டாவில் ஏறத்தாழ மூன்று. சல்ஃபேட்டுக்கு எதிர்மின் தன்மை உண்டு. ஒன்றையொன்று தள்ளிவிடும். கூட்டம் அதிகமானால் தள்ளுமுள்ளும் அதிகம்.

காப்பாவைச் சூடான நீரில் கரைக்கும்போது சங்கிலிகள் தளர்ந்து மிதக்கின்றன. ஆறும்போது இரண்டு இரண்டாகக் கயிறு போல முறுக்கிக்கொள்கின்றன. நீரில் பொட்டாசியம் இருந்தால் அந்தக் கயிறுகளும் பக்கத்தில் பக்கத்தில் நெருங்கி ஒரு வலையாகிவிடும். வலைக்குள் தண்ணீர் மாட்டிக்கொள்ளும். கிடைப்பது கத்தியால் வெட்டினால் துண்டாக நிற்கும், அழுத்தினால் நொறுங்கும் கட்டி. கொஞ்ச நேரம் விட்டால் அது வியர்த்தது போலத் தண்ணீர் விடும். இந்தக் குறையைத் தீர்க்கத்தான் கரோப் மர விதையின் பசையைக் கூடவே சேர்க்கிறார்கள். அந்தப் பசை தனியாக உறையாது, ஆனால் காப்பாவோடு சேர்ந்தால் நொறுங்கும் கட்டி இழுபடும் கட்டியாகிவிடும், தண்ணீர் விடுவதும் குறையும்.

அயோட்டாவுக்குக் கால்சியம்தான் பிடிக்கும். அது தரும் கட்டி மெத்தென்று, ஆட்டினால் ஆடும். அதைக் கலக்கி உடைத்துவிட்டுச் சும்மா வைத்தால் தானாகவே மறுபடியும் கூடிக்கொள்ளும், காப்பா இதைச் செய்யாது. பற்பசையை நினைத்துப் பாருங்கள். குழாயை அமுக்கும்போது வழிந்து வர வேண்டும், பிரஷ்ஷில் விழுந்ததும் வழியாமல் நிற்க வேண்டும். அந்த வேலைக்கு அயோட்டா பொருத்தமானது.

லாம்டா உறையவே உறையாது. மற்ற இரண்டின் சங்கிலியிலும் ஒரு சிறு வேதிப்பாலம் இருக்கிறது, அதுதான் சங்கிலியை முறுக்கத் தோதாக வளைத்து வைக்கிறது. லாம்டாவில் அந்தப் பாலம் கிடையாது, சல்ஃபேட் கூட்டமும் அதிகம். அதனால் சங்கிலிகள் விறைப்பாக நீண்டு, ஒன்றோடொன்று சிக்கி நீரின் ஓட்டத்தைத் தடுக்கும், அவ்வளவுதான். சரியான அர்த்தத்தில் கெட்டிப்படுத்தி என்று சொல்ல வேண்டுமானால் அது லாம்டா மட்டுமே. காப்பாவும் அயோட்டாவும் உறையவைப்பவை. பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் கெட்டிப்படுத்தி என்றே சொல்லிவிடுகிறோம்.

அப்புறம் ஒரு வேடிக்கை. ஐரிஷ் பாசியும் அதன் நெருங்கிய உறவுகளும் தலைமுறை மாறி மாறி இரண்டு வடிவங்களில் வாழ்கின்றன. ஆண், பெண் இனச்செல்களை உண்டாக்கும் தலைமுறை காப்பாவையும் அயோட்டாவையும் தருகிறது, அதற்கு அடுத்து வரும் வித்துத் தலைமுறை லாம்டாவைத் தருகிறது. பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று போலவே இருக்கும். கூடையில் அள்ளிவந்த பாசியில் எது எவ்வளவு என்று கண்ணால் சொல்ல முடியாது.

பாலோடு ஒரு தனிக் கணக்கு

வெறும் தண்ணீரை உறையவைக்க நூற்றுக்கு அரை முதல் ஒரு பங்கு கேரகீனன் வேண்டும். சாக்லேட் பாலில் கோகோவைத் தாங்கி நிறுத்த நூற்றுக்கு 0.02 அல்லது 0.03 பங்கு போதும். ஏன் இவ்வளவு வித்தியாசம்?

பாலில் கேசீன் என்ற புரதம் நுண்ணிய உருண்டைகளாக மிதக்கிறது. அந்த உருண்டையின் மேல்பரப்பில் இருப்பது காப்பா கேசீன். (இரண்டுக்கும் காப்பா என்று பெயர் அமைந்தது தற்செயல்தான்.) இந்தப் புரதத்தின் ஒரு பகுதி நேர்மின் தன்மை கொண்டது. எதிர்மின் சல்ஃபேட்களைச் சுமந்து வரும் கேரகீனன் சங்கிலி அங்கே போய் ஒட்டிக்கொள்கிறது. கேசீன் உருண்டைகளே வலையின் முடிச்சுகளாகிவிடுவதால் மிகக் கொஞ்சம் சங்கிலியே பால் முழுவதும் ஒரு மெல்லிய வலையை விரித்துவிடுகிறது. அந்த வலை கோகோ துகளைத் தாங்கும் அளவுக்கு வலுவானது, ஊற்றும்போது நாம் உணராத அளவுக்கு நொய்மையானது. அயர்லாந்துக்காரர்கள் பாசியைத் தண்ணீரில் போடாமல் பாலில் போட்டுக் காய்ச்சியது வெறும் பழக்கமா, கைப்பக்குவத்தில் கண்டுகொண்ட அறிவா என்று யோசிக்கத் தோன்றுகிறது.

ஐஸ்கிரீமிலும் இதே உறவுதான் வேலை செய்கிறது. அதில் மென்மைக்காகச் சேர்க்கும் வேறு பசைகள் பால் புரதத்தோடு ஒத்துப்போகாமல், கலவையிலிருந்து மோரைப் போன்ற நீரைப் பிரித்துவிடும். துளி கேரகீனன் சேர்த்தால் அந்தப் பிரிவினை நடக்காது. ஆவியாக்கிய பாலில் கொழுப்பு மேலே மிதக்காமல் இருப்பதற்கும் இதைச் சேர்ப்பதுண்டு.

இறைச்சித் தொழிலில் இதன் வேலை வேறு. பதப்படுத்திய பன்றி, கோழி இறைச்சிக்குள் உப்புநீரை ஊசியால் ஏற்றுவார்கள். அந்த நீரில் காப்பா கலந்திருந்தால், வேகும்போது கரைந்து, ஆறும்போது உறைந்து, தண்ணீரை இறைச்சிக்குள்ளேயே பிடித்து வைத்துவிடும். துண்டு போட எளிது, சாப்பிட ஈரப்பதமாக இருக்கும் என்று சொல்வார்கள். உண்மைதான். தண்ணீரும் இறைச்சி விலைக்கு விற்கும் என்பதும் உண்மைதான்.

எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கும் ஜெலட்டினுக்கு மாற்றாகவும் இதைப் பயன்படுத்துகிறார்கள். அயோட்டாவையும் மாற்றியமைத்த ஸ்டார்ச்சையும் சேர்த்து மென்மையான மருந்து கேப்சூல்கள் செய்கிறார்கள். ஆனால் இனிப்புகளில் இரண்டும் ஒன்றல்ல. ஜெலட்டின் வாயின் சூட்டிலேயே உருகிவிடும். கேரகீனன் கட்டி உருகாது, மென்றுதான் தின்ன வேண்டும். நல்ல பக்கம், வெயில் காலத்தில் மேசை மேல் வைத்தாலும் அது தளராமல் நிற்கும்.

உணவுக்கு வெளியேயும் இது நிறைய அலைகிறது. அறையில் மணம் பரப்பும் கட்டி பல நேரம் கேரகீனன் கட்டிதான். தண்ணீர் மெல்ல ஆவியாக, மணம் கூடவே வெளியேற, கட்டி சுருங்கிச் சுருங்கி ஒரு தோலாக மிஞ்சும். பீர் காய்ச்சுபவர்கள் கொதியின் கடைசிக் கால் மணி நேரத்தில் ஒரு சிட்டிகை ஐரிஷ் பாசியைப் போடுவார்கள், கலங்கலாக்கும் புரதங்கள் திரண்டு அடியில் விழுந்துவிடும். காகிதத்தில் பளிங்கு போன்ற சுழல் வண்ணங்களைப் படியவைக்கும் கலைஞர்கள், தட்டில் கேரகீனன் கரைசலை நிரப்பி அதன் மேல்தான் வண்ணத்தை மிதக்கவிடுகிறார்கள். வெறும் தண்ணீரில் வண்ணம் ஓடிவிடும்.

மருத்துவத்தில் கதை கலவையானது. சோதனைக் குழாயில் பல வைரஸ்களை இது செல்லில் ஒட்டவிடாமல் தடுக்கிறது. அந்த நம்பிக்கையில் எச்ஐவி தொற்றைத் தடுக்க ஒரு கேரகீனன் களிம்பைத் தயாரித்து, தென்னாப்பிரிக்காவில் 6,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் சோதித்தார்கள். களிம்பு கெடுதல் செய்யவில்லை, ஆனால் தொற்றையும் தடுக்கவில்லை. முடிவு 2008-ல் வெளியானது. சளிக்கான அயோட்டா மூக்குத் தெளிப்புகள் மட்டும் சில நாடுகளில் விற்பனையில் இருக்கின்றன.

கயிற்றில் கட்டிய பயிர்

இன்று உலகம் பயன்படுத்தும் கேரகீனனில் ஐரிஷ் பாசியின் பங்கு சொற்பம். பெரும்பகுதி வெப்பமண்டலக் கடல்களில் பயிரிடப்படும் இரண்டு பாசிகளிலிருந்து வருகிறது. 1960-களில் தேவை கூடக் கூட, பிலிப்பைன்ஸ் கடலில் இயற்கையாக வளர்ந்த பாசி பறித்துப் பறித்தே தீர்ந்துபோகும் நிலைக்கு வந்தது. ஹவாய் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் மேக்ஸ்வெல் டோட்டி, உள்ளூர்க்காரர்களோடு சேர்ந்து பயிரிடும் முறையை உருவாக்கினார். முறை எளிது. விதை வேண்டாம், பாசியின் ஒரு கிளையை ஒடித்து, ஆழமில்லாத கடலில் கட்டிய கயிற்றில் முடிந்துவிட்டால் போதும். சுமார் ஒன்றரை மாதத்தில் பல மடங்காகிவிடும். அந்த முயற்சியில் உடனிருந்த விசென்டே அல்வாரெஸின் பெயரையே டோட்டி அந்தப் பாசிக்கு வைத்தார்: இன்றைய பெயர் காப்பாபைகஸ் அல்வாரெசி. பேரினப் பெயரிலேயே காப்பா இருப்பதைக் கவனியுங்கள், அது தருவது காப்பா கேரகீனன்தான். வணிகர்கள் இன்னமும் ‘காட்டோனி’ என்ற பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள். அயோட்டா தரும் பாசிக்கு அவர்கள் வழக்கில் ‘ஸ்பைனோசம்’.

இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், தான்சானியாவின் சான்சிபார் தீவு என்று இந்தப் பயிர் பரவியது. சான்சிபாரில் இதைப் பெரும்பாலும் பெண்களே செய்கிறார்கள். கடல் சூடானால் பாசியின் கிளைகள் வெளுத்து ஒடியும் நோய் வருகிறது, பெயர் ‘ஐஸ் ஐஸ்’. ஒரே செடியின் கிளைகளையே ஒடித்து ஒடித்து நடுவதால் வயல் முழுக்க ஒரே மரபு, அதனால் நோய் வந்தால் எல்லாமே ஒன்றாகப் படுத்துவிடும். இன்னொரு பக்கம், இதே பாசி 1970-களில் ஆய்வுக்காக ஹவாயின் கனியோஹே விரிகுடாவுக்குப் போய், அங்கே தப்பிப் பரவி, பவளப்பாறைகளை மூடிவிட்டது. பெரிய உறிஞ்சு குழாய்களை வைத்தும், கடல் முள்ளெலிகளை வளர்த்து விட்டும் அதை அகற்ற வேண்டியிருந்தது.

அறுத்து உலர்த்திய பாசியைக் காரக் கரைசலில் வேகவைப்பார்கள். காரம்தான் முன்பு சொன்ன வேதிப்பாலத்தை முழுமையாக்கி உறையும் திறனைக் கூட்டுகிறது. அதன் பிறகு வடிகட்டிச் சாற்றை மட்டும் எடுத்தால் 407. சாறு எடுக்காமல், பாசியையே காரத்தில் வேகவைத்துக் கழுவி உலர்த்தி அரைத்தால், நார்ப்பகுதியும் சேர்ந்த, விலை குறைந்த தூள் கிடைக்கும். ஐரோப்பாவில் அதற்குத் தனி எண், 407ஏ. அமெரிக்காவில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான். மறுபடியும் பெயர்ச் சிக்கல்!

பயம் எங்கிருந்து வந்தது

கேரகீனனை நீர்த்த அமிலத்தில் நன்றாகச் சூடாக்கினால் சங்கிலி துண்டு துண்டாக அறுந்துவிடும். அப்படி வேண்டுமென்றே அறுத்துச் செய்த பொருளுக்குப் பொலிகீனன் என்று பெயர். உணவில் சேர்க்கும் கேரகீனனின் சராசரி எடை சில லட்சம் டால்டன் (மூலக்கூறின் எடையை அளக்கும் அலகு), பொலிகீனனின் எடையோ 10,000 முதல் 20,000 வரைதான். அது உணவுப் பொருளே அல்ல. எக்ஸ்ரே படத்துக்காகக் குடிக்கும் பேரியம் கரைசலில் துகள் அடங்காமல் இருக்கச் சேர்த்தது. 1969-ல் இந்த அறுந்த வகையைக் கினிப் பன்றிகளுக்குக் கொடுத்தபோது அவற்றின் பெருங்குடலில் புண் வந்தது. 1980-களில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இரண்டையும் தனித்தனியாகவே வகைப்படுத்தியது: அறுந்த வகை மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடும் என்ற பிரிவில், அறுபடாதது வகைப்படுத்த ஆதாரம் போதாது என்ற பிரிவில். அந்த நுணுக்கம் மக்கள் பேச்சுக்கு வந்து சேரவில்லை. அறுந்த வகையையும் ‘சிதைந்த கேரகீனன்’ என்றே அழைத்ததும் ஒரு காரணம்.

எலிப் பாதச் சோதனை இன்னொரு காரணம். 1962 முதல், வீக்கத்தைக் குறைக்கும் மருந்துகளைச் சோதிக்க, எலியின் பாதத்தில் கேரகீனனை ஊசியால் ஏற்றி வீங்கவைப்பது ஆய்வகங்களில் சாதாரண நடைமுறை. வீக்கத்தை உண்டாக்கவே பயன்படும் பொருளைச் சாப்பிடலாமா என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமாகத்தான் ஒலிக்கிறது. ஆனால் தோலுக்கடியில் ஊசியால் ஏற்றுவதும் விழுங்குவதும் ஒன்றல்ல. விழுங்கும் கேரகீனன் பெரும்பாலும் செரிக்காமல் வெளியேறிவிடுகிறது. வயிற்றில் அமிலம் இருந்தாலும் அங்கே கொதிநிலைச் சூடு இல்லை, எனவே சங்கிலி பொலிகீனன் அளவுக்கு அறுவதில்லை.

இதோடு முடித்துவிட்டால் நானும் ஒரு தரப்பின் குரலாகிவிடுவேன். தொழில் தரப்பு பொலிகீனன் வேறு, கேரகீனன் வேறு என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறது, அது போதாது. உணவுத் தரக் கேரகீனனிலும் குட்டைச் சங்கிலிகள் கொஞ்சம் இருக்கவே செய்யும். 50,000 டால்டனுக்குக் கீழ் உள்ளவை நூற்றுக்கு 5 பங்கைத் தாண்டக் கூடாது என்று ஐரோப்பா வரம்பு வைத்திருப்பதே அதனால்தான். முழுச் சங்கிலியை வைத்தே மனிதரிடம் நடந்த சோதனைகளும் உண்டு. 2017-ல் வெளியான ஒன்றில், பெருங்குடல் அழற்சி தணிந்திருந்த 12 நோயாளிகள் கலந்துகொண்டனர். கேரகீனன் கேப்சூல் விழுங்கியவர்களில் மூவருக்கு நோய் திரும்பியது, கேரகீனன் இல்லாத போலி கேப்சூல் விழுங்கியவர்களில் யாருக்கும் திரும்பவில்லை. 2024-ல் ஜெர்மனியில் 20 இளைஞர்களுக்கு இரண்டு வாரம் தினமும் அரை கிராம் கொடுத்துப் பார்த்ததில், குடல் சுவரின் கசிவு கூடியது. எடை கூடியவர்களிடம் இன்சுலின் வேலை செய்யும் திறன் குறைந்ததற்கான அறிகுறிகளும் தெரிந்தன. 12 பேர், 20 பேர் என்பவை சின்ன எண்கள், இவற்றை வைத்து ஊருக்கே தீர்ப்புச் சொல்ல முடியாது. புறந்தள்ளிவிடவும் முடியாது.

அதனால்தான் அதிகார அமைப்புகளும் ஆளுக்கொரு பக்கம் நிற்கின்றன. 2016-ல் அமெரிக்காவின் இயற்கை வேளாண் தர வாரியம், இயற்கை உணவில் சேர்க்க அனுமதித்த பொருட்களின் பட்டியலிலிருந்து இதை நீக்கப் பரிந்துரைத்தது. 2018-ல் வேளாண் துறை அந்தப் பரிந்துரையை ஏற்காமல் நீடிக்கவிட்டது. அதே 2018-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், உடல் எடையில் கிலோவுக்கு 75 மில்லிகிராம் என்ற தினசரி அளவைத் தற்காலிகமாக மட்டும் வைத்து, இன்னும் தரவு வேண்டும் என்று கேட்டது. 60 கிலோ ஆளுக்கு அது நாலரை கிராம். சாக்லேட் பாலில் அந்த அளவை எட்ட 18 லிட்டர் குடிக்க வேண்டும். ஆனால் உறைந்த இனிப்பில் 100 கிராமுக்கே ஒரு கிராம் வரை இருக்கலாம், பதப்படுத்திய இறைச்சியும் கூடவே சேர்ந்தால் கணக்கு வேகமாக ஏறும். நலமாக இருப்பவர் சாக்லேட் பாலைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை என்பது என் எண்ணம். குடல் அழற்சி உள்ளவர் மருத்துவரிடம் கேட்டுச் சில வாரம் இதை விலக்கிப் பார்ப்பதில் இழப்பு ஒன்றுமில்லை. சிரமம் என்னவென்றால், லேபிளில் காப்பாவா, அயோட்டாவா, எவ்வளவு என்றெல்லாம் எழுதுவதில்லை.

இந்தச் சர்ச்சையில் சலித்து, 2014 வாக்கில் அமெரிக்காவில் சில தாவரப் பால் தயாரிப்பாளர்கள் கேரகீனனையே கைவிட்டார்கள். அதன் இடத்துக்கு வந்தது ஜெல்லான் என்ற பசை, பாசியிலிருந்து அல்ல, பாக்டீரியாவைக் கொண்டு நொதிக்கவைத்து எடுப்பது. அதற்கும் லேபிளில் ஓர் எண் உண்டு: 418.